ரிட்டயர் ஆன அப்பாவுக்குக் காலை பதினொரு மணி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. வீடு கும்பகோணத்தில், நீங்கள் ஓசூரில். காலை நாலரைக்கு எழுந்து பதினொரு மணிக்குள் அன்றைய வேலை அத்தனையையும் முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தபடி அம்மாவிடம் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். "ரிட்டயர் ஆனவர்கள் பொழுதை எப்படித்தான் போக்குகிறார்கள்? ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வந்து போகிறது: "கஜா புயலில் வேதாரண்யம் போய் இருபத்திரண்டு நாள் வீட்டுக்கே வராத மனிதர், இப்போது பால் பாக்கெட் பத்து நிமிஷம் தாமதமானதற்குச் சண்டை போடுகிறார்." நீங்கள் கேட்க வந்தது இந்த வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைக் கேட்டு, வேலை வாங்கித் தருகிறவர் என்று நினைத்து பயோடேட்டாவோடு வந்து நின்றவர்களும் உண்டு. பக்கவாதம் வந்த கைக்கு மறுபடி சட்டைப் பொத்தான் போடப் பழக்குவது, இடுப்பெலும்பு முறிந்த பாட்டியைத் தானே குளிக்க வைப்பது, இதெல்லாம் எங்கள் தொழில். 24 வருஷத்தில் பெரும்பகுதி முதியோர் பிரிவில் கழிந்தது. வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் இந்த நாலும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து ஓட வேண்டும் என்று அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர் 1922இல் எழுதியதுதான் எங்கள் துறைக்கு அரிச்சுவடி. அதனால் ஒருவர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார் என்று நான் விசாரிப்பது நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய நாலு பத்தியை வைத்துத்தான் சொல்கிறேன், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வு பெற்ற நாளை என்னால் ஊகிக்க முடிகிறது. மாதத்தின் கடைசி நாள், மாலை. பிரிவு அலுவலகத்தில் சால்வை, ரோஜா மாலை, ஸ்வீட் காரம், அதிகாரியின் பேச்சு, ஆபீஸ் ஜீப்பில் வீடு வரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள். மறுநாள் காலை போன் அடித்திருக்காது. லைன் இன்ஸ்பெக்டரின் நாள் அவராகத் திட்டம் போட்ட நாளாக இருந்ததே இல்லை. எங்கோ ஜம்பர் அறுந்தது, ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) ட்ரிப் ஆனது, கல்யாண மண்டபத்தில் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று ஊர்தான் அவருக்கு நாளைப் போட்டுக் கொடுத்தது. கம்பத்தில் ஏற எல்.சி., அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் அனுமதி, வாங்கியிருந்தால், ஏறின ஆள் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று இவர் சொல்கிற வரை லைனை சார்ஜ் செய்ய முடியாது. அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக ஒரு துணை மின்நிலையமே காத்திருந்திருக்கிறது. இப்போது அவருக்காகக் காத்திருப்பது குழம்பு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டிய ஒரு தட்டு.

இதில் வயது என்ற ஒன்றைப் பெரிதாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த ஓய்வு வயதை 2020இல் 59 ஆக்கினார்கள், 2021இல் 60 ஆக்கினார்கள். ஓர் அரசாணையில் ஒருவர் முதியவராவதும் இன்னோர் அரசாணையில் இளைஞராவதும் நம் கண் முன்னால் நடந்தது. நம் நாட்டில் அறுபதைத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 வருஷ ஆயுள் இருக்கிறது. 18 வருஷத்தைப் "பொழுதுபோக்கு" என்ற சொல்லால் நிரப்ப முடியாது.

நேரம் கிடைத்தால் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. அது ஓய்வு பெற்றவர்களைப் பற்றியது அல்ல, ஆனால் இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டியதில்லை. 1930 வாக்கில் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்ற சிற்றூரில், ஊருக்கே சோறு போட்டுக்கொண்டிருந்த நூற்பாலை மூடிவிட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் ஒரு குழுவாக உள்ளே போய் அந்த மக்களின் அன்றாடத்தைக் கவனித்தார்கள். தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட மறைவாக அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலானவர்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். ஒருவர் தன் நேரத்தாளில், காலையில் எழுந்ததற்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எழுத எதுவும் இல்லாமல், "இதற்கிடையே மத்தியானம் ஆகிவிடுகிறது" என்று எழுதினார். நூலகத்தில் இரவல் கட்டணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள், படிக்க நாள் முழுக்க நேரமும் இருந்தது. ஆனால் மக்கள் எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டு வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது.

"சும்மாதானே இருக்கார், படிக்கலாமே, தோட்டம் போடலாமே" என்று நாம் சொல்கிற அத்தனைக்கும் பதில் அந்த நூலகக் கணக்கில் இருக்கிறது. யஹோடா பின்னாளில் இதை யோசித்து, வேலை நமக்குச் சம்பளம் போக ரகசியமாக வேறு ஐந்தைக் கொடுத்துவந்தது என்றார்: நாளுக்கு ஒரு சட்டம், குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், தன்னைவிடப் பெரிய ஒரு காரியத்தில் பங்கு, ஊரில் ஒரு இடம், கட்டாயமான அசைவு. உங்கள் அப்பாவுக்கு ஐந்தும் ஒரே மாலையில் போய்விட்டன. அதில் முதலாவதை மட்டும் டைம்டேபிளால் திருப்பித் தரப் பார்க்கிறீர்கள்.

மரியென்தால்காரர்களுக்கு வறுமை இருந்தது, அவமானம் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது, மாலை மரியாதையோடு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளிலும் உறுதியானதையும் ஐயத்துக்கு இடமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "ரிட்டயர் ஆனதும் மனுஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவான்" என்று திண்ணையில் பேசுவதை நம்ப வேண்டாம். உடம்பு முடியாதவர்கள் முன்னதாகவே வேலையை விடுகிறார்கள், அதனால் கணக்கு அப்படித் தெரியும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது அங்கே கடினம். பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், ஓய்வுக்குப் பிறகு சொற்களை நினைவில் வைக்கும் திறன் முன்பைவிட வேகமாகக் குறைந்தது தெரிந்தது, ஆனால் தர்க்கத் திறன் அப்படிக் குறையவில்லை. லண்டன் குமாஸ்தாவுக்குக் கண்டதைக் கும்பகோணத்து லைன் இன்ஸ்பெக்டருக்கு அப்படியே பொருத்துவது என் வேலை இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நடமாட்டமும் வெளி மனிதர்களும் குறைந்தால் உடம்பும் மனசும் சேர்ந்தே தளர்கின்றன. இதை வார்டில் தினம் பார்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் எந்த யோசனையும் சொல்வதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்வேன். ஏழு நாள். ஒரு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவரின் நோட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. முத்து முத்தான கையெழுத்து, கோடு போட்டு, வலது பக்கம் தொகை எழுதுகிற மாதிரி மணி. "6.00 நடை. 6.30 பால். 7.00 காபி, பேப்பர். 8.00 குளியல், பூஜை. 8.30 டிபன். 9.00 பேப்பர். 9.30 பேப்பர். 10.00 பேப்பர்." அதற்குப் பிறகு மேற்படிக் குறிகள். "11.00 வாசலில் நின்றேன். 11.30 வாசலில் நின்றேன்." திங்களும் இதேதான், செவ்வாயும் இதேதான். புதன்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் "கேஸ் சிலிண்டர் வந்தது" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுத்திருந்தார். "இதுக்கு மட்டும் ஏன் சார் கோடு?" என்று கேட்டேன். "அன்னைக்கு ஒருத்தன் வந்தானே" என்றார்.

நோட்டுகளில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும். விடியற்காலை நெரிசலாக இருக்கும்: நடை, பால், பூ பறித்தல், தண்ணீர் பிடித்தல், பேப்பர், எல்லாமே ஒன்பதுக்குள். அதாவது ஆபீசுக்குக் கிளம்புவதற்கான அத்தனை தயாரிப்பும் அப்படியே இருக்கும், போக ஆபீஸ் மட்டும் இருக்காது. பத்தரையிலிருந்து ஒரு மணி வரை ஒரு பள்ளம். சாப்பாடு, தூக்கம். மூன்றரையிலிருந்து ஆறு வரை இன்னொரு பள்ளம். பிறகு சீரியல், டிபன், படுக்கை. உங்கள் அப்பாவுக்கு முதல் பள்ளம் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நாலரைக்கு எழுகிற மனிதருக்குப் பதினொன்று என்பது ஆறரை மணி நேரம் கழிந்த பிற்பகல்.

டைம்டேபிள் விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் வேலையில் இருந்த ஒரு மகன், தாசில்தாராக ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எக்செலில் அட்டவணை போட்டு லேமினேட் செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். 10.00 முதல் 10.45 தோட்டம், 10.45 முதல் 11.30 வாசிப்பு, 11.30 பழச்சாறு. மூன்றாம் நாள் பார்த்தால் அதன் அடியில் பச்சை மையில் "பார்த்தேன். கோப்பில் வைக்கவும்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு அந்த மகன் சிரிக்கவில்லை, ரொம்ப வருத்தப்பட்டார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அட்டவணை தோற்றதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. பத்தே முக்காலுக்கு அவர் வாசிக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் எதுவும் ஆகாது, அது அவருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அவரை எழுப்பி ஓட வைத்தது கடிகாரம் அல்ல, அந்தப் பக்கம் காத்திருந்த ஆள்.

அதனால் நான் தேடச் சொல்வது ஆணிகளை. சுவர் முழுக்கப் படம் மாட்ட வேண்டாம், இரண்டு மூன்று ஆணி போதும். வீட்டுக்கு வெளியே, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், இவர் வராவிட்டால் "ஏன் சார் வரலை?" என்று இன்னொருவர் கேட்கிற இடம்தான் ஆணி. காசாளருக்கு நடந்தது இதுதான்: ஓய்வூதியர் சங்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் பத்தரை மணிக்குப் படிவம் நிரப்பித் தருகிற வேலையை ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் சான்று, குடும்ப ஓய்வூதிய மனு, வங்கிக்கு எழுதுகிற கடிதம். கூடவே பக்கத்துக் கோயில் உண்டியல் எண்ணிக்கைக்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள், காசாளர் விரல் ஆயிற்றே. வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட வராத வேலை. மற்ற நாட்களின் நோட்டில் பெரிய மாற்றம் இல்லை, பேப்பரைத்தான் படித்தார். "வாசலில் நின்றேன்" மட்டும் காணாமல் போயிருந்தது. எல்லாரிடமும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள், காது கேளாததால் கூட்டத்தைத் தவிர்க்கிறவர்கள், "ஓசிக்கு ஏன் உழைக்கணும்" என்று நினைக்கிறவர்கள் இதை உதறிவிட்டும் போயிருக்கிறார்கள்.

இதைவிட எளிதாக, ஆனால் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று வாரம். வேலைக்குப் போகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ரிட்டயர் ஆனவருக்கு முதலில் தொலைவது அதுதான், ஏழு நாளும் ஒரே நிறமாகிவிடும். நாளைத் திட்டமிடுவதற்குப் பதில் வாரத்தைத் திட்டமிடுங்கள். செவ்வாய் புதனைப் போல இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. வயதானவர்கள் கோயில் பக்கம் திரும்புவதைப் பக்தி என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. மாதம் இரண்டு பிரதோஷம், ஒரு கார்த்திகை, சஷ்டி, ஏகாதசி, பௌர்ணமிக்குக் கிரிவலம் என்று கோயில் ஒரு முழு நாட்காட்டியைக் கையில் கொடுக்கிறது. ஐந்து வேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற பாய்களின் நோட்டில் நான் சொன்ன இரண்டு பள்ளமும் தெரியவே தெரியாது, லுஹரும் அஸரும் சரியாக அந்த இடங்களில் விழுகின்றன. உங்கள் அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், உழவர் சந்தை நாள் ஒன்று, நூலக நாள் ஒன்று, பழைய சகாக்களோடு டீக்கடை நாள் ஒன்று என்று அவருடைய பஞ்சாங்கத்தை அவரே எழுதிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் யாராவது உ.வே. சாமிநாதையரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உண்மைதான்: மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1919இல், பெருங்கதை வெளிவந்தது 1924இல், குறுந்தொகைப் பதிப்பு 1937இல், அதாவது எண்பதைக் கடந்த பிறகு. ஆனால் இந்த உதாரணத்தை அப்பாக்களிடம் சொல்லிக் குத்திக் காட்டாதீர்கள். ஐயருக்குக் கல்லூரி வேலைதான் ஓய்ந்தது, அவருடைய சொந்த வேலை அதற்கு நாற்பது வருஷம் முன்பே தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வயதில் புதிதாக ஒரு ஆசையை வரவழைத்துக்கொள் என்று யாருக்கும் ஆணை போட முடியாது. ராபர்ட் ஆட்ச்லி என்ற முதுமையியல் அறிஞர் சொன்னதைத்தான் என் அனுபவமும் சொல்கிறது: பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே யாராக இருந்தார்களோ அதையே வேறு வடிவத்தில் தொடரும்போதுதான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

உங்கள் அப்பா யார்? கம்பத்தைப் பார்த்தே எங்கே லூஸ் கான்டாக்ட் என்று சொல்கிறவர். அந்த அறிவைக் கேட்டு யாராவது அவரிடம் வர வேண்டும். ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளைகள், புதிதாகச் சேர்ந்த கேங்மேன்கள், வீடு கட்டிக்கொண்டு எர்த் போடுவதில் கோட்டை விடுகிற பக்கத்துத் தெருக்காரர், மோட்டார் ஏன் ட்ரிப் ஆகிறது என்று தெரியாத விவசாயி, இவர்களில் யாராவது இரண்டு பேர் போதும். அவரே ஏணியில் ஏறக் கூடாது என்பதை மட்டும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அண்ணாந்து பார்த்தபடி ஏணியில் நிற்பது எனக்கு அடுத்த நோயாளியைக் கொண்டுவருகிற வழி. சம்பளத்துக்கு மறுபடி வேலைக்குப் போகலாமா என்றால், அவர் கேட்டுப் போனால் போகட்டும், வாரம் இரண்டு மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் தொந்தரவு தாங்காமல் நீங்கள் ஏதோ ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டியாகப் பிடித்துத் தள்ளினால் அது வேறு கதை.

இப்போது அம்மா. உங்கள் கேள்வியில் அம்மா குறை கேட்கிறவராக மட்டும் வருகிறார். அந்த வீடு பகல் நேரத்தில் முப்பது வருஷமாக அவருடைய பணியிடம், அங்கே திடீரென்று ஒரு மேலதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். சாம்பாருக்கு ஏன் இவ்வளவு பருப்பு, சிலிண்டர் ஏன் இருபத்தாறு நாளில் தீர்ந்தது, ஃப்ரிட்ஜை ஏன் இத்தனை தரம் திறக்கிறாய் என்று ஆடிட் நடக்கிறது. ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "அவரு ஆபீஸ் போனப்ப எனக்கும் எட்டு மணி நேரம் லீவு இருந்துச்சு சார்." ஜப்பானில் ஓய்வு பெற்ற கணவர்களுக்கு "ஈரச் சருகு" என்றே பெண்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். துடைப்பத்தால் பெருக்கினாலும் தரையை விட்டுப் போகாதாம். மரியென்தாலில் ஆண்களைவிடப் பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஏன் என்றால், ஆலை மூடினாலும் அவர்களுடைய வேலை மூடவில்லை. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதற்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார், செய்கிற ஆண் 97 நிமிஷம். ஆண்களில் நாலில் ஒருவர்தான் செய்யவே செய்தார்.

ஆகவே அப்பாவுக்கு வீட்டுக்குள் வேலை கொடுக்க வேண்டுமானால் மேற்பார்வை கலக்காத, முழுதாக அவருக்கே சொந்தமான ஒரு வேலையைக் கொடுங்கள். "உதவி" வேண்டாம். காலை காபியும் இரவு டிபனும் அவர் பொறுப்பு, மாவு அரைப்பதும் அவரே என்றால் அம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, தோசை ஓரம் கருகினாலும் சரி. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை இருவரில் ஒருவர் வெளியே இருப்பது நல்லது, அது எப்போதும் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அம்மாவுக்கு டவுன் பஸ் இலவசம், தங்கை வீடு சுவாமிமலையில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பேரக்குழந்தை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் வேன் நிற்கிற இடத்தில் மூன்றே முக்காலுக்குத் தாத்தா நிற்பது அருமையான ஆணி. அதுவே காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை, வருஷம் முழுக்க, லீவு கேட்க வழியில்லாமல் போனால் அது சம்பளமில்லாத ஷிஃப்ட். ஓசூருக்கு அழைத்துக்கொள்ள நினைத்தால் இதை யோசித்துவிட்டு அழையுங்கள். ஊரை விட்டுப் பிரிந்தால் இருக்கிற இரண்டு ஆணியும் பிடுங்கப்படும்.

தூக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலரை மணி என் கண்ணில் பட்டது. பொழுது போகாமல் எட்டரைக்கே படுத்தால் மூன்றரை, நாலுக்கு விழிப்பு வருவது கணக்குதான், நோய் இல்லை. வயதானால் தூக்கம் முன்னுக்கு நகர்வதும் இயற்கை. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்டு வருகிறவர்கள் ஏராளம். பகல் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்னால். மாலை ஆறிலிருந்து ஏழரை வரை வெளியே ஏதாவது இருந்தால் படுக்கை தானாகப் பத்துக்குத் தள்ளிப்போகும், காலையின் அந்த நீளமும் குறையும். நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மூச்சு சற்று வாங்கும் வேகத்தில், கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. வாக்கிங்கை எல்லாரும் செய்கிறார்கள், இரண்டாவதை யாரும் செய்வதில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழுந்து உட்காரச் சொல்லுங்கள், ஆரம்பத்துக்கு அது போதும்.

குறுக்கெழுத்தும் சுடோகுவும் மூளைக்கு நல்லது என்று செய்தி அனுப்புவார்கள். தீங்கில்லை. ஆனால் டெக்சஸில் டெனிஸ் பார்க் குழு 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம், வாரம் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் போட்டோ எடுப்பது, துணி ஒட்டுத் தையல் என்று கடினமான ஒன்றைப் புதிதாகக் கற்றவர்களுக்குத்தான் நினைவாற்றல் கூடியது. கூடிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த குழுவுக்கும், வீட்டில் சொல் விளையாட்டு ஆடியவர்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வு, மூன்று மாதக் கணக்கு, அதற்கு மேல் இழுக்க மாட்டேன். ஆனாலும் சூரியத் தகடு இன்வெர்ட்டர் வயரிங்கை உங்கள் அப்பா கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

நாலு மாதம் என்பது ரொம்பக் குறைவு. முதலில் தேனிலவு, பிறகு ஏமாற்றம், பிறகு புதுப் பாதை என்று ஓய்வுக்குப் படிநிலைகள் சொல்வார்கள். அதே வரிசையில் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, சிலருக்குத் தேனிலவே வருவதில்லை. ஒரு வருஷம் முழுதாகச் சுற்றி வரட்டும் என்பேன், முதல் தீபாவளி, முதல் பொங்கல், முதல் மழைக்காலம் எல்லாம் ஆகட்டும். பொறுத்திருக்கக் கூடாத சில அடையாளங்களும் உண்டு. எடை இறங்குவது, குளிக்கவும் ஷேவ் செய்யவும் மனமில்லாமல் போவது, பிடித்ததும் ருசிக்காமல் போவது, இரண்டு வாரத்துக்கு மேல் முகம் தெளியாதது, "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு, தெரிந்த வழியே குழம்புவது, மாலையில் குடி ஆரம்பிப்பது. முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் கேட்கும் கேள்விப் பட்டியலில் "உங்களுக்கு அடிக்கடி சலிப்பு ஏற்படுகிறதா?" என்பதும் ஒன்று. சலிப்பு சில சமயம் வெறும் சலிப்பு, சில சமயம் நோயின் வாசல், அதை எழுத்தில் படித்துப் பிரிக்க என்னால் முடியாது. எரிச்சல் மட்டுமே மனச்சோர்வின் முகமாக இருப்பதும் ஆண்களிடம் சகஜம். சந்தேகம் இருந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டு, பி12, சர்க்கரை, காது நாலையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, இலவசம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது சின்னது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து ஏழு நாள் எழுதச் சொல்லுங்கள். "டாக்டர் கேட்டார்" என்று வேண்டுமானால் பொய் சொல்லுங்கள், லாக் புக் எழுதிப் பழகிய கை, மறுக்காது. அதைப் பார்த்துவிட்டு எங்கே ஆணி அடிப்பது என்று அவரே சொல்வார், நீங்கள் சொல்ல வேண்டாம். இன்னொன்று. ஐப்பசி வரப்போகிறது. முதல் புயல் எச்சரிக்கை வருகிற இரவு அவர் தூங்க மாட்டார், காற்று அடிக்கிற ஒவ்வொரு தரமும் எழுந்து போய் ஜன்னலில் நிற்பார். அன்றைக்கு போன் போடுங்கள். "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" வேண்டாம். "எந்த ஃபீடர் முதல்ல போகும்பா?" என்று கேளுங்கள்.